மாவுக் கடைக்கு 4 லட்சம்: பெங்களூரில் எந்த ஆபீஸ் படியேறுவது?

நீலசந்திரா_மாவு | வெள்ளி, இரவு 10:05

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நீலசந்திராவில் எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும்தான் வாடிக்கை. தினம் 25 கிலோ, சனி ஞாயிறு என்றால் 40 வரை போகும். இரண்டு டேபிள்டாப் கிரைண்டர்கள் மாறி மாறி ஓடுகின்றன. கீழ் வீட்டுக்காரர் சத்தத்துக்குக் கன்னடத்தில் திட்டி, அப்புறம் ஒரு கிலோ மாவும் வாங்கிக்கொண்டு போவார்.

பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாகிறது. 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், கண்ணாடிக் கதவு போட்ட கூலர், பாக்கெட் ஒட்டும் மெஷின், கடை அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கையில் 90 ஆயிரம் இருக்கிறது.

போன மாதம் ஒரு பிரவுசிங் சென்டர்காரர், "அரசாங்கக் கடன், பாதி தள்ளுபடி, நான் முடித்துத் தருகிறேன்" என்றார். பிராஜெக்ட் ரிப்போர்ட் போட 6,000 ரூபாய் வாங்கினார். பேங்கில் அந்த அம்மா பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏழாவது பக்கத்தில் "இந்த அப்பளத் தொழிற்கூடத்தில் வெயிலில் உலர்த்த 800 சதுர அடி மொட்டை மாடி உள்ளது" என்று இருந்தது. எனக்கு மொட்டை மாடியும் கிடையாது, அப்பளமும் கிடையாது.

மாநகராட்சியில் இதற்கென்று ஒரு ஆபீஸ் இல்லையா? ஒரே இடத்தில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு இந்தத் திட்டம், இந்தக் காகிதம், இந்த பேங்க்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும். அதைத்தான் தேடுகிறேன்.

கோட்_அடிக்கிறவன் | வெள்ளி, இரவு 10:31

அக்கா, மானியத்துக்கு அலையும் நேரத்தில் இன்னும் இரண்டு தெரு பிடித்துவிடலாம். இந்த ஊரிலேயே ஐடி ஃபிரெஷ் மாவுக் கம்பெனி இருக்கிறதே. 2005இல் திப்பசந்திராவில் 50 சதுர அடி அறையில் ஆரம்பித்தார்கள். குடும்பத்துக்குள் பணம் போட்டுத்தான் தொடங்கினார்கள். இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் பாருங்கள்.

நீலசந்திரா_மாவு | வெள்ளி, இரவு 10:40

தம்பி, மாவு விற்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பணம் போட எனக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்திருந்தால் இந்த இழையே இருக்காது.

வரிக்கணக்கு | வெள்ளி, இரவு 11:20

அக்கா, முதலில் ஒரு கேள்வி. உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் எந்த வருடம்?

ஏன் கேட்கிறேன் என்றால், "பாதி தள்ளுபடி" என்று பிரவுசிங் சென்டர்கள் விற்பது பெரும்பாலும் பிரதமர் வேலை உருவாக்கத் திட்டம், அதாவது பிஎம்இஜிபி. 2008இல் வந்தது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். ஆனால் நகரத்தில் பொதுப் பிரிவுக்கு மானியம் 15 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25 சதவீதம். 35 என்பது கிராமத்தில் சிறப்புப் பிரிவுக்கு. அந்தத் திட்டத்தில் பாதி எங்கேயும் கிடையாது. அதைவிட முக்கியம், அது புதுத் தொழிலுக்கு மட்டும். ஐந்து வருடமாக மாவு விற்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அவர் ரிப்போர்ட்டில் அப்பளம் வந்தது காப்பி அடித்த குற்றமா, புதுத் தொழில் என்று காட்டப் போட்ட திட்டமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது வேறு. பிஎம்எஃப்எம்இ என்று சிறு உணவுத் தொழில்களுக்கான திட்டம், 2020இல் வந்தது. ஏற்கெனவே நடக்கும் தொழிலை விரிவாக்கவும் அதில் வாங்கலாம். மத்திய மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். கர்நாடக அரசு மேலே 15 சதவீதம் சேர்க்கிறது. ஆக நம் மாநிலத்தில் 50 சதவீதம், உச்சவரம்பு 15 லட்சம். நீங்கள் கேட்ட "பாதி" உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நடத்துவது கெப்பெக் என்ற மாநில நிறுவனம். திட்டத்துக்குக் காலவரையறை உண்டு, அதனால் இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போனிலேயே முடியும். அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு 2,000, 3,000 கேட்கும் தனியார் தளங்களில் போய் மாட்டாதீர்கள்.

நீலசந்திரா_மாவு | வெள்ளி, இரவு 11:34

உத்யம் 2022இல் போட்டேன். அதற்கும் 1,500 கொடுத்தேன். சரி, போனது போகட்டும்.

அல்சூர்_ஏரிக்கரை | சனி, காலை 7:15

எங்கள் அம்மா அல்சூரில் பூ விற்கிறார். மாநகராட்சி வழியாக எங்களுக்கு வந்த ஒரே நல்லது, தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன்தான். கொரோனா சமயம், 2020 ஜூனில் தொடங்கியது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000. 2025 ஆகஸ்டில் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தி, திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்துவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கிலேயே விழும்.

அம்மாவிடம் வியாபாரி அடையாள அட்டை இல்லை, சர்வே எடுத்த அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தார். சிபாரிசுக் கடிதம் வாங்க வார்டு ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன். நாலாவது நடையில் ஒரு ஊழியர் தானே எழுந்து வந்து, போனை வாங்கி, விண்ணப்பத்தை முழுசாகப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அவர் இருந்தார், வேலை நடந்தது. அடுத்த தடவை போனபோது மாறிப் போய்விட்டார்.

பேங்கில் 10,000 கொடுத்துவிட்டு, அதில் 2,000 டெபாசிட் போடச் சொன்னார்கள். பிணையே தேவையில்லாத கடன் இது. அம்மாவுக்குத் தெரியாது, போட்டுவிட்டார்.

கவுண்டர்_நம்பர்_4 | சனி, காலை 9:50

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் சிறுகடன் பிரிவில் இருக்கிறேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். அல்சூர் தம்பி சொன்னது தப்பான வேலை. எங்கள் ஆட்களே செய்கிறார்கள், மறுக்க முடியாது. இந்த மாதிரிச் சில லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஆனால் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். மானியத்தை அரசு அறிவிக்கும், மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கும், கடன் கொடுப்பது வங்கி. பணம் திரும்பி வராவிட்டால் கேள்வி என்னிடம்தான் வரும். அதனால் நான் பார்ப்பது மானியத்தை இல்லை, இந்த அம்மா மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை. அதற்கு அப்பளக் கதை உதவாது. ஒரு நோட்டுப் புத்தகம் உதவும்.

அக்கா, நீங்கள் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்களா? எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ உளுந்து, எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சிப் புளித்தது?

நீலசந்திரா_மாவு | சனி, காலை 10:22

இருக்கிறது மேடம். பால் கணக்கு எழுதும் நீள நோட்டு. 2021 முதல் எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் மட்டும் கணக்கு உதைக்கும். இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்கவே பொங்காது. ஃபிரிட்ஜ் பின்பக்கச் சூட்டில் அண்டாவை வைத்து, மேலே கம்பளி போர்த்தி, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து விரலை விட்டுப் பார்ப்பேன். பொங்காத நாள் மாவைத் தோசைக்கு என்று விலை குறைத்துக் கொடுப்பேன். அதையும் நோட்டில் "தோ" என்று எழுதியிருப்பேன்.

கவுண்டர்_நம்பர்_4 | சனி, காலை 10:41

அந்த "தோ" ஒன்று போதும், எந்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டை விடவும் அதை நம்புவேன்.

கணக்கைப் பிரித்துப் போடுவோம். கடை அட்வான்ஸ் உங்கள் கைக்காசு என்றே வையுங்கள், அதற்கு வங்கியை நம்பாதீர்கள். மெஷின்கள் எவ்வளவு?

நீலசந்திரா_மாவு | சனி, காலை 10:55

2 லட்சத்து 60 ஆயிரம். மீதி அட்வான்சும் ஒயரிங்கும்.

கவுண்டர்_நம்பர்_4 | சனி, காலை 11:18

அப்போது உங்கள் பங்கு 10 சதவீதம், 26 ஆயிரம். மீதி கடன். 50 சதவீதம் மானியம் கிடைத்தால் 1 லட்சத்து 30 ஆயிரம். ஆனால் அது கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியில் தனிக் கணக்கில் உட்காரும், அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. மூன்று வருடம் தொழில் நடந்து, கடன் கணக்கும் ஒழுங்காக இருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் கணக்கு வாராக்கடனாகிவிட்டால் மானியமும் போய்விடும். "தள்ளுபடி" என்ற வார்த்தையை நம்பி வந்து அழுதவர்கள் பலர். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

மானியமே வேண்டாம் என்றால் முத்ரா கடன் இருக்கிறது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். வேலை சீக்கிரம் முடியும். எதுவானாலும் மெஷின் கொட்டேஷன் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும். வாடகை ஒப்பந்தம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், உணவுப் பாதுகாப்புப் பதிவு. அந்தப் பதிவுக்கு வருடம் 100 ரூபாய்தான், அதற்கும் யாராவது 3,000 கேட்டால் கொடுக்காதீர்கள்.

பீன்யா_பெரியவர் | சனி, மதியம் 1:30

எல்லோரும் கடனையே பேசுகிறீர்கள். நான் 1979இல் ஒரு பழைய லேத்தோடு பீன்யா தொழிற்பேட்டையில் ஷெட் போட்டவன். மாநில நிதிக் கழகமான கேஎஸ்எஃப்சி கடன் கொடுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது கடன் இல்லை, ஆர்டர். ஹெச்எம்டி தொழிற்சாலையில் இருந்து டிராயிங் வரும். சூப்பர்வைசர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, "இது தேறாது, திருப்பிச் செய்" என்பார். ஆறு மாதம் திட்டு வாங்கினேன், அப்புறம் கை தேறிவிட்டது. பெல், ஐடிஐ, ஹெச்ஏஎல் என்று அந்தக் காலத்துப் பெரிய தொழிற்சாலைகள்தான் இந்த ஊரின் தொழில் வளர்ச்சி ஆபீஸ். பெயர்ப்பலகை மட்டும் கிடையாது.

ஹெச்எம்டியும் ஐடிஐயும் சுருங்கியதும் பீன்யாவில் எத்தனை ஷெட் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். என் ஷெட்டில் இப்போது ஒரு கூரியர் கம்பெனி பெட்டி அடுக்கியிருக்கிறது.

மாநகராட்சி உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால், தன் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரி கேண்டீன்களுக்கும் வாங்கும் பொருளில் ஒரு பங்கை இந்தப் பெண் மாதிரி ஆட்களிடம் வாங்கட்டும். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அரசு ஆணையே இருக்கிறது. வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்துபவற்றில். வார்டு மட்டத்தில் இதைச் செய்ய யார் தடுக்கிறார்கள்?

வரிக்கணக்கு | சனி, மதியம் 2:05

ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அக்கா உத்யமுக்குக் கொடுத்த 1,500 முழுக்க வீண் இல்லை. நாளைக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மாவு போட்டால், சட்டப்படி அவர்கள் 45 நாளைக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் சிறுதொழில்களுக்கான அரசுத் தளத்தில் புகார் போடலாம். 2024 ஏப்ரலில் இருந்து, அப்படி இழுத்தடிக்கும் தொகையை அவர்கள் அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. பெரிய கடைக்காரர்களுக்கு இதுதான் உறைக்கும்.

கோட்_அடிக்கிறவன் | சனி, மாலை 5:40

சரி, நேற்று நான் எழுதியது அவசரக்குடுக்கைத்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாநகராட்சிக்கென்று ஒரு தொழில் ஆபீஸ் ஏன் இல்லை? தேடிப் பார்த்தேன். 74ஆவது சட்டத் திருத்தம் 1992இலேயே பன்னிரண்டாம் அட்டவணையில் 18 வேலைகளை நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. "பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடல்" மூன்றாவது, "நகர்ப்புற வறுமை ஒழிப்பு" பதினொன்றாவது. காகிதத்தில் இது நகரத்தின் வேலைதான். நடப்பில் தொழில் துறை மாநிலத்திடம், மாவட்டத் தொழில் மையம் ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், உணவுத் திட்டம் கெப்பெக்கிடம், கடன் வங்கியிடம். மாநகராட்சியிடம் மிஞ்சுவது டிரேட் லைசென்சும் தெருவோரக் கடைகளும்தான். இதில் 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பெங்களூரு மாநகராட்சியே போய் ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டது. நம் லைசென்ஸ் எந்த மாநகராட்சியில் என்று தெரிந்துகொள்ளவே ஒரு ஆபீஸ் வைக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 15 கோடிக்கு மேல் முதலீடு என்றால் கர்நாடக உத்யோக மித்ரா என்ற மாநில அரசு நிறுவனம் கையைப் பிடித்து அழைத்துப் போகும், மாநில அளவில் கமிட்டி உட்காரும். 4 லட்சத்துக்குக் கையைப் பிடிக்க பிரவுசிங் சென்டர்காரர்தான் இருக்கிறார்.

வரிக்கணக்கு | சனி, மாலை 6:12

தம்பி, அந்த 4 லட்சத்துக்கும் ஒரு கை இருக்கிறது, யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். பிஎம்எஃப்எம்இயில் மாவட்ட வள நபர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிப்பது, வங்கியோடு பேசுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கித் தருவது எல்லாம் அவர் வேலை. விண்ணப்பதாரர் அவருக்கு ஒரு பைசா தர வேண்டாம். கடன் கிடைத்தால் அரசு அவருக்கு 20,000 ரூபாய் தரும். பாதி கடன் அனுமதியானதும், மீதி பதிவுகளும் பயிற்சியும் முடிந்ததும்.

ஃபைல் முடிந்தால்தான் அவருக்குச் சம்பளம். பிரவுசிங் சென்டர்காரருக்கு ஃபைல் தொடங்கும்போதே சம்பளம். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். அக்கா, கெப்பெக்கில் கேட்டு பெங்களூரு நகர மாவட்டத்து வள நபர் நம்பரை வாங்குங்கள்.

சிவாஜிநகர்_தையல் | சனி, இரவு 8:00

எல்லாம் சரி, ஆனால் காகிதத்துக்குள் போனால் வரி வரும். 2025 ஜூலையில் நடந்தது மறந்துவிட்டதா? யூபிஐ கணக்கைப் பார்த்து டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை என்று நோட்டீஸ் விட்டார்கள். எங்கள் தெருவில் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு "கேஷ் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். ஒரு பக்கம் தொழிலைப் பதிவு செய் என்று கூப்பிடுவது, இன்னொரு பக்கம் நாலு வருடத்துக்குச் சேர்த்து வரி கேட்பது.

நீலசந்திரா_மாவு | சனி, இரவு 8:09

இதுதான் எனக்கும் பயம். என் வீட்டுக்காரர் அந்த வாரமே சவுண்ட் பாக்சைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

வரிக்கணக்கு | சனி, இரவு 8:47

அந்த நோட்டீஸ் கூத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வரியே இல்லாத பால், காய்கறி விற்றவர்களுக்கும் போனது. கடைசியில் முதல்வர் வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது.

ஆனால் அக்கா, உங்கள் கணக்கைப் பாருங்கள். பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. சேவைக்கு 20 லட்சம். ஓட்டல் சேவையில் வரும், மாவு பொருளில் வரும். நீங்கள் கடையிலேயே தோசை சுட்டுப் போட ஆரம்பித்தால் கதை மாறும். தினம் சராசரி 30 கிலோ, கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஆறரை லட்சம். 40 எங்கே, ஆறரை எங்கே? சவுண்ட் பாக்சை அலமாரியிலிருந்து எடுங்கள். அந்த ஆறு மாத யூபிஐ வரவுதான் மேடம் கேட்கும் ஸ்டேட்மென்ட்.

பீன்யா_பெரியவர் | ஞாயிறு, காலை 6:30

அம்மா, டில்டிங் கிரைண்டர் புதிது வாங்குவதற்கு முன் கடையில் கரன்ட் என்ன லோடு என்று பார். மோட்டார் ஒரு ஹெச்பியா, இரண்டா? பழைய ஒயரில் கூலரையும் கிரைண்டரையும் சேர்த்து ஓட்டினால் ஃபியூஸ் போகும். வீட்டு மீட்டரில் கடை நடத்தினால் பெஸ்காம்காரர் வந்து நிற்பார். கல்லை உருட்டும் செயின் எந்த மாதிரி என்று தெரியும்படி போட்டோ போடு, நான் பார்த்துச் சொல்கிறேன். மெஷினைப் பற்றியாவது எனக்குத் தெரியும்.

நீலசந்திரா_மாவு | ஆறு வாரம் கழித்து, புதன், மாலை 4:20

எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், எழுத நேரம் இல்லை.

வள நபர் நம்பர் மூன்றாவது போனில் கிடைத்தது. சின்னப் பையன், தமிழ் பேசவில்லை, ஆனால் என் கன்னடத்தைப் பொறுத்துக்கொண்டான். வீட்டுக்கே வந்தான். நோட்டைக் காட்டினேன். "தோ" என்றால் என்ன என்று கேட்டான். சொன்னதும் சிரித்து, கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு கட்டம் போட்டான். ரிப்போர்ட் ஒன்பது பக்கம். அப்பளம் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

முதலில் போன கிளையில் "நிலத்துப் பத்திரம் இருக்கா" என்றார்கள். மேடம் சொன்ன விதியைச் சொன்னேன். "எல்லா விதியும் உங்களுக்குத் தெரியுமா" என்று ஒரு பார்வை. அந்தப் பையனே வேறு கிளைக்கு மாற்றினான். அங்கே கடையை வந்து பார்த்தார்கள். இன்னும் அனுமதி வரவில்லை.

நடுவில் அந்தக் கடையை மொபைல் ரிப்பேர்காரர் ஒருவர் எடுத்துவிட்டார். அதே வரிசையில் இன்னொன்று, கொஞ்சம் சின்னது, வாடகை 1,500 கூட. பெரியவர் சொன்ன மாதிரி ஒயர் பார்க்கச் சொன்னேன். சுவருக்குள் பழைய அலுமினியம் ஒயர். ஓனரோடு பேசிப் பாதிச் செலவு அவர் தலையில் கட்டினேன்.

சவுண்ட் பாக்ஸ் வெளியே வந்துவிட்டது.

கவுண்டர்_நம்பர்_4 | புதன், மாலை 5:02

கடை மாறிவிட்டதே, புது வாடகை ஒப்பந்தத்தை அந்தக் கிளையில் கொடுத்துவிட்டீர்களா? பழைய முகவரியோடு ஃபைல் போனால் மறுபடியும் முதலில் இருந்து வரும்.

நீலசந்திரா_மாவு | புதன், மாலை 5:06

ஐயோ, இல்லை மேடம். நாளைக்குக் காலை முதல் வேலை அதுதான்.

பீன்யா_பெரியவர் | புதன், மாலை 5:30

ஒரிஜினலைக் கொடுத்துவிடாதே, ஜெராக்ஸ் கொடு. கொடுத்ததற்குச் சீல் போட்டு வாங்கிக்கொள்.